பின்பனியில் பிறந்த பண்டிகைகள்

கேள்வி இதுதான்: ஜனவரி இறுதி முதல் மார்ச் வரைக்குள் அயர்லாந்தில் இம்போல்க், கத்தோலிக்கர்களுக்கு மெழுகுதிரித் திருநாள், அமெரிக்காவில் கிரவுண்ட்ஹாக் தினம், அப்புறம் காதலர் தினம், கார்னிவல், ஜப்பானின் செட்சுபுன், சீனப் புத்தாண்டு என்று பண்டிகைகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. இவையெல்லாம் ஒரே ஆதிப் பண்டிகையின் கிளைகளா? லூபர்காலியா என்ற ரோமானியத் திருவிழாதான் காதலர் தினமாக மாறியது, இம்போல்க்கைத்தான் திருச்சபை மெழுகுதிரித் திருநாளாக ஆக்கிக்கொண்டது என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் எழுதுகிறார்களே, அது உண்மையா?

பெரும்பாலும் உண்மையில்லை. இவற்றில் பல தனித்தனியாகப் பிறந்தவை. ஒன்றை அழித்து அதன் இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள் என்ற கதைக்கு, தேடிப்போனால் ஆதாரம் மிகக் குறைவு. ஆனால் இவை பிறந்த வீடுகளின் நிலைமை ஒன்றாக இருந்திருக்கிறது. குளிர் பாதி கழிந்திருக்கிறது, களஞ்சியம் பாதி காலியாகியிருக்கிறது, மீதிப் பாதியை எப்படிக் கடப்பது என்ற கவலை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பண்டிகையின் தேதியும் எந்தக் கணக்கில் வந்தது என்று பார்த்தால் அதன் பிறப்பு ஓரளவு பிடிபடும். பண்டிகைகளைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் மாறிக்கொண்டே இருக்கும். தேதிக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் நான் எப்போதும் தேதியிலிருந்துதான் தொடங்குவேன்.

இந்தப் பருவத்துக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இரவின் முற்பகுதியில் பனி விழுவதும் பிற்பகுதியில் விழுவதுமாக இரண்டையும் பிரித்துவைத்தார்கள். குளிரின் பின்பாதி வேறு விதமானது என்ற அந்தக் கவனம் நாம் பேசப்போகும் எல்லாப் பண்டிகைகளிலும் இருக்கிறது.

முதலில் வானக் கணக்கு. வடகோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வருகிறது. பகலும் இரவும் சமமாவது மார்ச் 20 வாக்கில். இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பவை பிப்ரவரி 3, 4 தேதிகள். டிசம்பர் 21 கழிந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பகல் நீள்வது கண்ணுக்கே தெரியாது. நாளொன்றுக்கு ஒரு நிமிடம் கூடினாலே அதிகம். பிப்ரவரி பிறக்கும்போது வேகம் பிடிக்கிறது. பிராக் நகரம் இருக்கும் 50ஆம் அட்சரேகையில் டிசம்பரில் எட்டு மணி நேரமாக இருந்த பகல் இப்போது ஒன்பதரை மணி நேரத்தைத் தொடுகிறது, தினமும் மூன்று நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதை ஒரு குடியானவர் தன் கண்ணாலேயே நிச்சயமாகச் சொல்லக்கூடிய முதல் வாரம் இதுதான்.

ஆனால் குளிர் அதோடு சேர்ந்து குறைவதில்லை. நிலமும் கடலும் வாங்கும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் இன்னும் சில வாரங்களுக்கு அதிகமாகவே இருப்பதால், பல இடங்களில் ஆண்டின் மிகக் கடுங்குளிர் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோதான் வரும். பகல் நீள நீளக் குளிர் இறுகும் என்று ஆங்கிலேயர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. வெளிச்சம் நம்பிக்கை தருகிறது, உடம்பு நடுங்குகிறது, சேமித்துவைத்த தானியமும் உப்பிட்ட இறைச்சியும் குறைந்துகொண்டே வருகின்றன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து விவசாயிகளின் சொலவடை இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: மெழுகுதிரித் திருநாள் அன்று விறகில் பாதியும் உலர்புல்லில் பாதியும் கையில் இருக்க வேண்டும். பாதிக்கும் குறைவாக இருந்தால் தொழுவத்தில் உள்ள மாடுகளில் சில அடுத்த புல் முளைப்பதைப் பார்க்காது. பிப்ரவரி 2ஆம் தேதி முதலில் ஒரு கையிருப்புக் கணக்கு நாள் என்பதை இந்த ஒரு வரி எனக்குப் புரியவைத்தது.

சரி, இம்போல்க்குக்கு வருவோம். பிப்ரவரி 1. பழைய ஐரிஷ் ஆண்டில் பருவங்களைத் திறக்கும் நான்கு நாள்களில் ஒன்று. மத்தியகால ஐரிஷ் கதை ஒன்றில், வசந்தத் தொடக்கத்தில் பெண்ணாடுகளைக் கறக்கும் நாள் என்று இதைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. கி.பி. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட ஒரு ஐரிஷ் சொற்பொருள் நூலும் இந்தப் பெயருக்கு ஆட்டுப்பால் என்று பொருள் சொல்கிறது. 'வயிற்றுக்குள்' என்பதே சரியான வேர் என்று வாதிடும் மொழியறிஞர்களும் உண்டு. எப்படி எடுத்துக்கொண்டாலும் விஷயம் சினையாடுதான். பசுவின் கறவை வற்றிப்போன காலம் அது. ஐந்து மாதச் சினை முடிந்து ஆடுகள் மடிவிடும்போது, பல வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் புதுப் பால் வருகிறது. பசித்த குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைவிடப் பெரிய பண்டிகை எது?

அந்த நாளே புனித பிரிஜித்தின் நாளும்கூட. கில்டேர் மடத்தை நிறுவியவர் என்று போற்றப்படும் இவர் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. இதே பெயரில் ஒரு தெய்வம் இருந்ததாகவும் நான் மேலே சொன்ன சொற்பொருள் நூல் குறிப்பிடுகிறது. அந்தத் தெய்வம்தான் புனிதராக மாறியதா, அல்லது புனிதரின் புகழ் தெய்வக் கதையோடு கலந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இம்போல்க் அன்று பழங்காலத்தில் சரியாக என்ன சடங்கு நடந்தது என்பதற்கு எழுத்துச் சான்று ஏறக்குறைய இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று விரிவாக வர்ணிக்கப்படும் இம்போல்க் சடங்குகளில் பல 20ஆம் நூற்றாண்டில் உருவானவை. நாணல் புல்லில் பின்னும் பிரிஜித் சிலுவை, கதவருகே அவருக்காக இரவில் போட்டுவைக்கும் துணி ஆகியவை அயர்லாந்தின் நாட்டுப்புற வழக்கில் நன்றாகப் பதிவானவை. 2023 முதல் அயர்லாந்தில் இதற்கு அரசு விடுமுறை. பிப்ரவரியின் முதல் திங்கள் விடுமுறை. பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக வந்தால் அந்த வெள்ளியே விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்த நாடு அறிவித்த முதல் பொது விடுமுறை இது.

மறுநாள் பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள். இரண்டும் ஒட்டியே வருவதால் இம்போல்க்கிலிருந்துதான் இது வந்தது என்று சொல்லத் தோன்றும். தேதிக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆண் குழந்தை பெற்ற தாய் 40 நாள் கழித்துத் தூய்மைச் சடங்கு செய்ய வேண்டும் என்பது விவிலியத்தின் லேவியராகமம் சொல்லும் விதி. அதன்படி மரியாள் கோவிலுக்குப் போனதையும், குழந்தையை அங்கே சிமியோன் என்ற பக்தர் கையில் ஏந்தியதையும் லூக்கா நற்செய்தி சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போன எகேரியா என்ற பெண்மணி, அங்கே இந்த விழாவைப் பெரும் சிறப்போடு கொண்டாடியதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அப்போது அது நடந்த தேதி பிப்ரவரி 14. ஏனென்றால் எருசலேமில் கிறிஸ்துவின் பிறப்பை ஜனவரி 6 அன்று நினைவுகூர்ந்தார்கள். அதை முதல் நாளாக வைத்து 40 எண்ணிப் பாருங்கள், பிப்ரவரி 14 வரும். டிசம்பர் 25 பிறப்பு விழாவாக நிலைத்த பிறகு அதிலிருந்து 40 எண்ணினார்கள், பிப்ரவரி 2 வந்தது. அவ்வளவுதான். அயர்லாந்தின் ஆட்டுப்பாலுக்கும் எருசலேமின் இந்த எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆர்மீனியத் திருச்சபை பழைய கணக்கை இன்றும் விடவில்லை. பிப்ரவரி 13ஆம் தேதி மாலையில் கோவில் முற்றத்தில் தீ மூட்டி, புதுமணத் தம்பதிகள் கைகோத்து அதைத் தாண்டுகிறார்கள்.

ரோமானியச் சுத்திகரிப்புச் சடங்கைத் திருச்சபை மாற்றியமைத்ததுதான் இந்த விழா என்ற கருத்தும் புதியதல்ல. 725 வாக்கிலேயே பீட் என்ற ஆங்கிலேயத் துறவி அப்படி எழுதியிருக்கிறார். பழமையான கருத்து என்பதாலேயே பலரும் அதை நம்பிவிட்டார்கள். ஆனால் அவர் எழுதியபோது எருசலேம் விழாவுக்கு 300 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்வலத்தில் மெழுகுதிரி ஏந்துவதும், ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டிய மெழுகுதிரிகளை அன்று மந்திரித்து வாங்கிப்போவதும் மேற்குத் திருச்சபையில் பின்னால் வளர்ந்தவை. சிமியோன் அந்தக் குழந்தையை 'ஒளி' என்று அழைத்த வசனத்தோடு அது இயல்பாகப் பொருந்தியது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய நீளும் அந்த வாரத்தோடும் பொருந்தியது. முதல் பொருத்தம் திட்டமிட்டது, இரண்டாவது தானாக அமைந்தது என்பது என் எண்ணம். தானாக அமைந்ததுதான் அந்த விழாவை மக்கள் மனதில் இவ்வளவு ஆழமாக ஊன்றியது.

கிரவுண்ட்ஹாக் தினம் இதன் நேர்ப் பிள்ளை. மெழுகுதிரித் திருநாள் அன்று வெயில் அடித்தால் குளிர் நீளும், மேகமூட்டமாக இருந்தால் குளிர் முடிந்தது என்பது ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த நம்பிக்கை. கையிருப்பை எண்ணும் நாளில் மீதிக் குளிர் எத்தனை வாரம் என்று கேட்காமல் யாராலும் இருக்க முடியாதே! ஜெர்மானியர்கள் இதற்கு பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கைப் பார்த்தார்கள். அது வெளியே வந்து தன் நிழலைக் கண்டால் மறுபடியும் வளைக்குள் போய்விடும். ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் அந்த வேலையைப் புது ஊரின் கிரவுண்ட்ஹாக்குக்குக் கொடுத்தார்கள். அது மர்மட் இனத்தைச் சேர்ந்த பெரிய கொறிவிலங்கு. பங்ஸட்டானி என்ற சிற்றூரின் செய்தித்தாள் 1886இல் இதைக் குறிப்பிட்டது, 1887இல் குன்றின் மேல் ஏறிப் பார்க்கும் வழக்கம் தொடங்கியது, இன்றுவரை தொடர்கிறது. கணிப்பு பாதிகூடச் சரியாக வருவதில்லை. ஆனால் விலங்கைத் தேர்ந்தெடுத்ததில் உண்மையான கவனிப்பு இருக்கிறது. ஆண் கிரவுண்ட்ஹாக்குகள் பிப்ரவரித் தொடக்கத்தில் நிஜமாகவே வளையை விட்டு வெளியே வருகின்றன. பெண் விலங்குகளின் வளைகள் எங்கே இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் இன்னும் சில வாரம் தூங்குகின்றன. யாரோ ஒரு குடியானவர் பல வருடம் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி ரோம். பிப்ரவரி என்ற பெயரே 'பெப்ருவா' என்ற சொல்லிலிருந்து வந்தது. தூய்மைச் சடங்குக்கான பொருள்களை அப்படி அழைத்தார்கள். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபர் என்ற பெயர்களுக்குள் ஏழு, எட்டு என்ற எண்கள் ஒளிந்திருப்பது அதனால்தான். ஆக பிப்ரவரி ஆண்டின் கடைசி மாதம், பழைய கணக்குகளை முடிக்கும் மாதம். 13 முதல் 21 வரை இறந்த முன்னோர்களுக்குப் படையல். 15ஆம் தேதி லூபர்காலியா. 23ஆம் தேதி எல்லைக் கற்களுக்கு விழா, அண்டை நிலத்துக்காரர்கள் இருபுறமும் நின்று சேர்ந்து செய்வது. இன்றும் லீப் நாளை பிப்ரவரியில் சேர்க்கிறோமே, அதுவும் இந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம்தான். ஆண்டின் கடைசியில்தானே விட்டுப்போனதைச் சேர்க்க முடியும்?

லூபர்காலியாவில் ஆடுகளையும் ஒரு நாயையும் பலியிட்டு, அந்த ஆட்டுத்தோலை வாராகக் கீறி, இளைஞர்கள் அரைகுறை ஆடையோடு ஓடி வழியில் நிற்பவர்களை அதால் அடிப்பார்கள். அடி வாங்கினால் பிள்ளைப்பேறு எளிதாகும் என்று பெண்கள் முன்வந்து நின்றார்கள். கி.மு. 44இல் மார்க் ஆண்டனி சீசருக்கு முடிசூட்ட முயன்றது இந்த விழாவில்தான். 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. அவர் இதற்குப் பதிலாகக் காதலர் தினத்தை வைத்தார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. வாலண்டைன் என்ற பெயரில் குறைந்தது இரண்டு மறைசாட்சிகள் நினைவுகூரப்படுகிறார்கள், ஒருவர் ரோமைச் சேர்ந்தவர், மற்றவர் டெர்னி நகரைச் சேர்ந்தவர். இருவருக்கும் பிப்ரவரி 14. காதலைப் பற்றி அந்தப் பழைய கதைகளில் பேச்சே இல்லை.

காதல் வந்தது 1380களில், ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ஒரு நெடுங்கவிதையில். வாலண்டைன் நாள் அன்று பறவைகளெல்லாம் கூடித் தங்கள் இணையைத் தேர்ந்தெடுப்பதாக அவர் பாடினார். பிப்ரவரி நடுவில் இங்கிலாந்தில் பறவைகள் கூடுமா என்று கேட்கலாம். அன்றைய ஜூலியன் நாள்காட்டி சூரியனைவிட எட்டு நாள் பின்தங்கியிருந்தது. அவருடைய பிப்ரவரி 14 இன்றைய கணக்கில் பிப்ரவரி 22. அந்த வாரத்தில் சில பறவைகள் பாட ஆரம்பித்துவிடும், பகல் நீள்வதுதான் அவற்றைத் தூண்டுகிறது. ஆக காதலர் தினத்துக்குப் பின்னாலும் பின்பனியின் வெளிச்சம்தான் இருக்கிறது. ரோமானியத் தோல்வாரைவிட இந்தப் பிறப்பு எனக்கு அழகாகப் படுகிறது, சான்றும் இதற்குத்தான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் பொது நாள்காட்டியிலிருந்து வாலண்டைனை எடுத்துவிட்டது.

இதுவரை சொன்னவை நிலையான தேதிகள். கார்னிவல் நிலவைப் பிடித்து நகர்வது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு 46 நாள் முன்பு சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். 40 நாள் நோன்பு, நோன்பில்லாத ஆறு ஞாயிறு, ஆக 46. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயோடு கார்னிவல் முடிகிறது. பிப்ரவரி 3 முதல் மார்ச் 9 வரை அது எப்போது வேண்டுமானாலும் வரலாம். 'இறைச்சியை விலக்குதல்' என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் கார்னிவல்.

மத்திய காலத்தில் நோன்பு என்றால் இறைச்சி மட்டும் இல்லை, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வீட்டில் மிச்சமிருப்பதைச் சாம்பல் புதனுக்குள் தீர்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் அந்தச் செவ்வாய் முட்டையும் பாலும் கலந்த அப்பத்துக்கான நாளானது. பிரான்சில் அதன் பெயரே 'கொழுத்த செவ்வாய்', மார்டி க்ரா. 1699 மார்ச் 3 அன்று மிசிசிப்பி ஆற்றங்கரையில் முகாமிட்ட பிரெஞ்சுத் தளபதி இபெர்வில், அன்று அந்தச் செவ்வாயாக இருந்ததால் அந்த இடத்துக்கே அதன் பெயரை வைத்தார். நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊர் உருவாவதற்கு முன்பே அந்தப் பண்டிகை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ரஷ்யர்களின் மஸ்லெனிட்சாவில் இறைச்சி ஒரு வாரம் முன்பே நின்றுவிடும், வெண்ணெயும் பாலும் மட்டும் உண்டு. அதனால் வாரம் முழுவதும் வெண்ணெய் ஒழுகும் மெல்லிய அப்பம். பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது. ஞாயிறன்று வைக்கோல் பெண்ணை எரித்துக் குளிரை அனுப்பிவிட்டு, ஒருவரிடம் ஒருவர் அந்த ஆண்டின் குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்பார்கள்.

நோன்பு விதியும் களஞ்சிய நிலைமையும் இங்கே எப்படிக் கைகோக்கின்றன பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் எப்படியும் இறைச்சி தீர்ந்துவரும். கோழிகள் பகல் நீளும்போது மறுபடியும் முட்டையிடத் தொடங்கும், ஆனால் அந்த முட்டையைத் தின்றுவிடாமல் அடைக்கு வைத்தால்தான் அடுத்த ஆண்டு கோழி உண்டு. சமயம் சொன்ன கட்டுப்பாட்டைப் பட்டினிக் காலத்தின் சிக்கனமும் கேட்டது. நோன்பில் சேர்ந்துபோன முட்டைகள்தான் ஈஸ்டர் அன்று வண்ணம் பூசி வெளியே வருகின்றன. தவக்காலம் பசியை ஒழுங்குபடுத்தவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அது ஞானஸ்நானத்துக்கும் ஈஸ்டருக்கும் முன் செய்யும் ஆயத்தமாகத் தொடங்கியது. ஆனால் குளிர் நாட்டில் அது இவ்வளவு உறுதியாக வேரூன்றியதற்கு அந்த மண்ணின் கையிருப்பு நிலவரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முகமூடிகளைப் பற்றித்தான் மிகைக் கதைகள் அதிகம். ஹங்கேரியின் மோஹாச் நகரில் ஆட்டுத்தோலும் கொம்பு வைத்த மர முகமூடியும் அணிந்த பூஷோக்கள் தெருவில் இறங்குவார்கள். துருக்கியர்களை இப்படிப் பயமுறுத்தி ஓட்டினோம் என்பது ஊர்க்கதை, குளிரை ஓட்டுகிறோம் என்பது இன்னொரு விளக்கம். ஸ்லோவேனியாவின் ப்டுய் நகரில் இடுப்பில் மணி கட்டிய குரென்ட்கள் வீடு வீடாகக் குதித்து ஆடுவார்கள். கிராமத்து வழக்கம் பழையது, இன்று நாம் பார்க்கும் ஊர்த் திருவிழா 1960இல் ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இவை கிறிஸ்தவத்துக்கு முந்தையவை என்று அடித்துச் சொல்ல ஆவணம் கிடையாது. ஆனால் போலந்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. தவக்காலத்தின் நான்காவது ஞாயிறன்று மர்ஷானா என்ற வைக்கோல் பொம்மையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நீரில் மூழ்கடிக்கும் வழக்கத்தை 1420இலேயே போஸ்னான் திருச்சபைச் சங்கம் தடை செய்திருக்கிறது. தடை வந்திருக்கிறது என்றால் வழக்கம் பலமாக இருந்திருக்கிறது என்று பொருள். இன்று பள்ளிப் பிள்ளைகள் மார்ச் 21 அன்று அதைச் செய்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. அங்கே கார்னிவல் சாம்பல் புதன் கழிந்த திங்கள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. எல்லோரும் நோன்பு தொடங்கிய பிறகு! நகர விளக்குகளை மொத்தமாக அணைத்துவிட்டு, கும்மிருட்டில் முரசும் குழலும் காகித விளக்குகளுமாகக் கிளம்புவார்கள். சாம்பல் புதனில் அல்லாமல் அதை அடுத்த ஞாயிறு கழிந்தே நோன்பு தொடங்கிய பழைய கணக்கு அங்கே நிலைத்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். 1529இல் அந்த நகரம் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைக்கு மாறியது. தவக்காலமே போய்விட்டது, கார்னிவல் மட்டும் இன்றுவரை இருக்கிறது.

கிழக்கே வந்தால் வானக் கணக்கு ஒளிவுமறைவில்லாமல் வெளிப்படையாகவே இருக்கிறது. சீனர்கள் சூரியப் பாதையை 24 பகுதிகளாகப் பிரித்தார்கள். 315ஆம் பாகையைச் சூரியன் தொடும் நாள் லிச்சுன், 'வசந்தம் தொடங்கும் நாள்', பிப்ரவரி 4 வாக்கில். நான் முதலில் சொன்ன அதே நடுப்புள்ளி. சீனப் புத்தாண்டு பெரும்பாலும் இதற்கு மிக அருகில் வரும் அமாவாசையில் பிறக்கிறது. அதனால்தான் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே அது ஊசலாடுகிறது. அன்று பெய்ஜிங்கில் ஏரிகள் உறைந்து கிடக்கும், ஆனாலும் அதன் பெயர் வசந்த விழா. இந்தப் பெயரின் வயதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 1912இல் சீனக் குடியரசு மேற்கத்திய நாள்காட்டியை ஏற்று, புத்தாண்டு என்ற பெயரை ஜனவரி 1க்குக் கொடுத்தது. நிலவுப் புத்தாண்டுக்கு வேறு பெயர் வேண்டியிருந்ததால் 1914 முதல் 'வசந்த விழா' அரசுப் பெயரானது. பண்டிகை ஈராயிரம் ஆண்டுப் பழையது, பெயருக்கு நூற்றுச் சொச்சம் வயது. நியன் என்ற அரக்கனைச் சிவப்பு நிறத்தாலும் வெடியாலும் விரட்டியதாகச் சொல்லும் பிரபலமான கதையும் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. நியன் என்றால் ஆண்டு. அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவத்தில் ஒரு மனிதன் கதிர்க்கட்டைச் சுமந்து நிற்கிறான். அறுவடைக்கு அறுவடை ஓராண்டு.

கொரியாவில் இந்தப் புத்தாண்டு ஜப்பானிய ஆட்சியில் ஒடுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தென்கொரிய அரசு அதற்கு விடுமுறை தரவில்லை. 1985இல் ஒரு நாளும், 1989இல் சொல்லால் என்ற தன் பெயரோடு மூன்று நாளும் திரும்பக் கிடைத்தன. அத்தனை காலமும் மக்கள் அதை வீட்டுக்குள் விடாமல் கொண்டாடினார்கள். ஜப்பான் 1873இலேயே நாள்காட்டியை மாற்றி, புத்தாண்டை ஜனவரி 1க்குக் கொண்டுபோய்விட்டது. ஆனால் லிச்சுனுக்கு முந்தைய நாளான செட்சுபுன் அங்கேயே நின்றது, ஏனென்றால் அது சூரியனைப் பிடித்தது. வறுத்த சோயாவை வாசலில் வீசி, 'பேய்கள் வெளியே, நலம் உள்ளே' என்று கத்துவார்கள். அப்புறம் தங்கள் வயதின் எண்ணிக்கையில் சோயாவை எண்ணித் தின்பார்கள். நோய்ப் பேய்களை விரட்டும் சீன அரண்மனைச் சடங்கு 8ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பானுக்கு வந்து இப்படி வீட்டுச் சடங்காக இறங்கியது. பெரும்பாலும் பிப்ரவரி 3. 2021இல் 124 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக பிப்ரவரி 2இல் வந்தது, சூரியன் அந்தப் பாகையைத் தொடும் நேரம் சற்று முன்னால் நகர்ந்ததால்.

ஈரானின் சதே பண்டிகை ஜனவரி 30இல் வருகிறது. சதே என்றால் நூறு. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இன்னும் 50 பகலும் 50 இரவும் இருக்கின்றன என்பது ஒரு விளக்கம். ஈரானின் பழைய சமயத்தைப் பின்பற்றும் ஜரதுஷ்டிரர்கள் பெரும் தீ மூட்டிச் சுற்றி நிற்கிறார்கள். இந்தியாவின் வசந்த பஞ்சமியிலிருந்து ஹோலிப் பௌர்ணமி வரை எண்ணினால் 40 நாள். இரண்டு கணக்கிலும் வசந்தம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணுகிறார்கள்.

யூதர்களின் து பிஷ்வாத் இன்னும் நேரடியானது. ஷெவாத் மாதம் 15ஆம் நாள், மரங்களின் புத்தாண்டு. பழத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும்போது எந்தப் பழம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதற்கு ஒரு கோடு தேவைப்பட்டது. பழங்கால யூத அறிஞர்கள் இருவரில் ஷம்மாயின் வழியினர் மாதத்தின் முதல் நாள் என்றார்கள், ஹில்லேலின் வழியினர் 15 என்றார்கள். 15 நிலைத்தது. அதற்குள் அந்த நாட்டில் மழையின் பெரும்பகுதி பெய்து முடிந்திருக்கும், வாதுமை பூக்க ஆரம்பிக்கும். இன்று பள்ளிக் குழந்தைகள் மரம் நடும் அழகான நாள், கணக்குப் பதிவுக்கான ஒரு கோடாகத்தான் பிறந்தது. மரம் நடும் வழக்கம் 1890இல் ஒரு ஆசிரியர் தன் மாணவர்களோடு நட்டதிலிருந்து வளர்ந்தது. பல்கேரியா, ருமேனியா, மால்டோவா பக்கத்தில் மார்ச் 1 அன்று சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொள்வார்கள். பல்கேரியாவில் முதல் நாரையையோ பூத்த கிளையையோ பார்த்த பிறகே அதைக் கழற்றிக் கிளையில் கட்டுவது வழக்கம். வசந்தம் வந்ததா என்று அங்கே நாரைதான் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை என்று இன்னும் யாராவது வாதிட்டால், தென்கோளத்தைப் பார்க்கச் சொல்வேன். ஸ்பானியர்கள் மெழுகுதிரித் திருநாளை ஆண்டிஸ் மலைக்குக் கொண்டுபோனார்கள். பெருவின் புனோ நகரில் பிப்ரவரி 2 அன்று கண்டெலாரியா அன்னைக்குப் பெருவிழா எடுக்கிறார்கள். ஆனால் அங்கே அது மழைக்காலம், வயல் பச்சையாக இருக்கும் பருவம். பிரேசிலின் கார்னிவல் உச்சக் கோடையில் நடக்கிறது. தேதிகள் கடல் தாண்டின, அவற்றின் குளிர் கூட வரவில்லை.

அப்படியானால் தென்கோளத்தின் பின்பனிக்கு யார் பண்டிகை வைத்தார்கள்? அங்குள்ள மக்களே வைத்தார்கள். ஆகஸ்ட் 1. பிப்ரவரி 1க்குச் சரியாக ஆறு மாதம் எதிர்ப்புறம், அவர்களுடைய குளிரின் நடுப்புள்ளி. அன்று பச்சமாமா என்ற நிலத்தாய் வாய் திறக்கிறாள், குளிர்காலம் முழுவதும் கிடந்து பசியும் தாகமுமாக இருக்கிறாள் என்பது ஆண்டிஸ் மக்களின் நம்பிக்கை. தரையில் குழி தோண்டி, சமைத்த உணவு, கொக்கோ இலை, சோளக் கள் எல்லாவற்றையும் முதலில் அவளுக்கு ஊட்டுகிறார்கள். விதைப்பு அதற்குப் பிறகுதான். பராகுவேயிலும் அர்ஜென்டினாவின் வடக்கிலும் அன்று காலை வெறும் வயிற்றில், அருவதா இலை ஊறிய கரும்புச் சாராயத்தில் சில மடக்குக் குடிப்பார்கள். வயதானவர்களும் பலவீனமான கால்நடைகளும் அதிகம் சாகும் மாதம் ஆகஸ்ட், அதைத் தாண்ட உடம்புக்கு ஒரு காப்பு. 'ஜூலை ஆளைத் தயார் செய்யும், ஆகஸ்ட் கொண்டுபோகும்' என்பது அங்கே வழங்கும் சொலவடை.